இரண்டு மணிக்கட்டிலும் பச்சை

வேலைக்கு இறங்கும் முன் பூங்காவனம் இடக்கையை நீட்டினாள். எபினேசர் தன் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதை இடக்கையில் கட்டிக்கொண்டு சட்டைக் கையை இழுத்து மூடினாள். அவளுடைய சொந்தப் பட்டை வலக்கையில் இருந்தது. மஞ்சளாகத் துடித்துக்கொண்டிருந்த எபியின் பட்டை அவளுடைய நாடிக்குப் பழகி, மெல்லப் பச்சைக்கு மாறியது.

“தூங்கினியா?” என்று கேட்டாள்.

“கண்ண மூடிக்கினு கெடந்தேன்க்கா.”

“எதுனா சாப்ட்டியா?”

“டீ குடிச்சேன்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மின்தூக்கி இருவரையும் நிலவறைக்கு இறக்கியது.

கடல் உள்ளே வந்தபிறகு சென்னை மேல்நோக்கி வளர்ந்திருந்தது. அறுபது, எழுபது மாடிக் கோபுரங்கள். தெருக்களில் குப்பைத் தொட்டி என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு வீட்டுச் சமையலறைச் சுவரிலும் ஒரு சிறு கதவு. அதைத் திறந்து போட்டால், எல்லாம் கழிவுக்குழாய் வழியாகக் கோபுரத்தின் அடிவயிற்றுக்கு வந்துவிடும். அங்கே இயந்திரங்கள் பிரிக்கும். ஈரத் துணியும் முடியும் மருத்துவமனைக் கழிவும் சிக்கிக் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் மனிதக் கை வேண்டும். நாளில் பாதி நேரம் குழாய் அடைத்துத்தான் கிடந்தது. மேலே குடியிருப்பவர்களில் பலருக்கு, கீழே ஆட்கள் இருப்பதே தெரியாது.

பட்டை வந்தது கீழே வேலை செய்பவர்களின் நன்மைக்காகத்தான். ஒரு காலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடித்தே செத்தார்கள், தூக்கில் தொங்கினார்கள். அதைத் தடுக்க மனநலச் சட்டம் கொண்டுவந்தார்கள். உடலின் பதற்றத்தை அளக்கும் மனநிலைப்பட்டையை எல்லோரும் அணிய வேண்டும். மனம் சமநிலையில் இருந்தால் பச்சை, கலங்கினால் மஞ்சள், தாங்காமல் போனால் சிவப்பு. மூன்று முறை சிவப்பு எரிந்தால் ‘நல ஓய்வு’. சட்டம் எழுதியவர்கள் அதை ஓய்வு என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் துப்புரவுப் பணியைக் குத்தகை எடுத்திருந்த தூயகம் நிறுவனம், ஓய்வில் போனவரின் இடத்தில் இயந்திரக்கையைப் பொருத்திவிடும். போனவர் திரும்பி வந்ததில்லை. ஆகவே தொழிலாளர்கள் சிவப்புக்குப் பயந்தார்கள். ஆளை அடையாளம் காணும் பட்டைகளும் சந்தையில் இருந்தன. விலை கூடுதல் என்று தூயகம் அவற்றை வாங்கவில்லை. அது ஒன்றுதான் இவர்களுக்கு வசதி.

எபிக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு ஆகியிருந்தது. இரண்டும் முனிரத்தினம் செத்த வாரத்தில்.

முனிரத்தினம் எபியின் கூட்டாளி. அடைப்பை எடுக்கக் குழாய் வாய்க்குள் இடுப்புவரை நுழைந்திருந்தபோது, எந்த மாடியிலிருந்தோ ஒருவர் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த இரும்புக் குண்டைக் குழாயில் போட்டுவிட்டார். மேலிருந்து எதுவும் விழாமல் குழாயின் நடுவிலிருக்கும் தடுப்புக் கதவை மூடுவது எபியின் பொறுப்பு. அவன் மூடினான். கதவு பூட்டிக்கொள்ளவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். எபிக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. மூடினேனா, மூடினதாக நினைத்தேனா என்று தனக்குள்ளேயே விசாரணையை நடத்திக்கொண்டிருந்தான். குழாயில் எது விழுந்தாலும் அவன் தோள்கள் ஒடுங்கும். அங்கே ஓயாமல் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும்.

முனிரத்தினத்தின் இடத்துக்குத்தான் பூங்காவனம் வந்தாள். முதல் நாளே அவன் பட்டை மஞ்சளாகத் துடிப்பதைப் பார்த்துவிட்டு, “பட்டைய என்கிட்ட குடு. எனக்கு எப்பவும் பச்சதான்,” என்றாள். பெருமையாகவே சொன்னாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று மற்ற கோபுரத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். மழைக்காலம் முழுவதும் அவளுடைய நாடி இரண்டு பேருக்காக ஓடியது. தூயகத்தின் நல அலுவலர் சுகுணன் கூட்டத்தில் எப்போதும் பச்சையில் இருக்கும் இந்த ஜோடியை எழுப்பி நிறுத்தி மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். எபி எல்லோருடனும் சேர்ந்து கைதட்டினான்.

அன்று காலை பிரிப்பு இயந்திரத்தைக் கழுவிவிட்டுப் பூங்காவனம் திரும்பியபோது எபியைக் காணவில்லை. குழாய் வாயின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, கழிவு வந்து விழும் சரிவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே அறுபது மாடிக் குழாய். தடுப்புக் கதவின் விளக்கு, திறந்திருக்கிறது என்று காட்டியது. மேலே வீடுகளில் சமையல் முடியும் நேரம்.

பூங்காவனம் ஓடவில்லை. நடந்தே போய்த் தடுப்புக் கதவின் விசையை அழுத்தினாள். அது அசையவில்லை. எபி கம்பியைப் பிடுங்கிப் போட்டிருந்தான்.

“வெளிய வாடா.”

“நீ போக்கா. மூடினேனா இல்லையான்னு இனிமே யோசிக்க முடியாது. அந்தாளு நின்ன எடத்துல கொஞ்ச நேரம் இருக்கேன்.”

அவள் கையை நீட்டினாள். சட்டைக் கை மேலேறியது. எபியின் பார்வை அவள் மணிக்கட்டுகளில் நின்றது. ஒன்றிலும் பச்சை, இன்னொன்றிலும் பச்சை. துடிப்பில்லாமல், நிதானமாக எரிந்தன.

“என்னைய இப்டி பாத்துக்கூட ஒனக்கு ஒண்ணும் ஆவலையாக்கா?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அவன் நிஜமாகவே கேட்டான். பூங்காவனம் தன் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்று கவனித்தாள். இல்லை. வாய் உலரவில்லை. இவன் செத்தால் துணியைப் போர்த்திவிட்டு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று மனத்தில் ஓர் எண்ணம் ஓடியது. அடுத்த வேலையை நினைப்பதுபோல.

“ஆவல,” என்றாள். “பயம் வரணும்ல? வரல.”

அவள் குனிந்து சரிவில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே இருட்டு. எங்கோ உயரத்தில் ஒரு சிறு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

“இங்க குந்தியும் வரல எபி. ஒனக்கு வருதா?”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் பிடிவாதமோ நடிப்போ இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். மேலே குழாயில் ஏதோ உரசத் தொடங்கியது. உரசல் வேகமெடுத்து இறங்கியது.

எபி அவளை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தான். இருவரும் சிமெண்ட் தரையில் விழுந்தார்கள். பின்னால் ஒரு பை வெடித்துச் சிதறியது. காய்கறித் தோலும் சோறும் உடைந்த பீங்கானும். ஒரு சில்லு எபியின் முதுகைக் கீறியிருந்தது. அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் அவன் முதுகிலிருந்து ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு இடக்கைப் பட்டையைக் கழற்றி அவன் மணிக்கட்டில் கட்டினாள். அது உடனே சிவந்தது.

அன்றே அவனை சுகுணனிடம் கூட்டிக்கொண்டு போய், பட்டை மாற்றிக் கட்டியதைச் சொன்னாள். சுகுணன் இருவரின் பதிவுகளையும் திறந்து பார்த்தார்.

“இது எவ்ளோ பெரிய தப்புன்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

“இவருக்கு மூணாவது சிவப்பு. ஓய்வுல போட்டு மருத்துவமனைக்கு அனுப்பிடறேன். உங்களை என்ன பண்றதுன்னு மேல கேக்கணும்.”

“இவங்களையும் அனுப்புங்க சார்,” என்றான் எபி.

சுகுணன் அவள் வலக்கையைப் பார்த்தார். “பச்சைக்கு எழுதிக் குடுக்க எங்கிட்ட எதுவும் இல்லப்பா. பச்சைன்னா நல்லா இருக்காங்கன்னுதான் அர்த்தம்.”

மருத்துவமனையில் எபிக்கு ஒதுக்கிய நேரத்தில் அவனே அவளை உள்ளே கூட்டிப்போனான். மருத்துவர் ஃபர்ஹானா அவனோடு பேசி முடிக்கும்வரை பூங்காவனம் சுவரோரம் நின்றாள். எபி அவளுடைய பச்சையைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் அவளையும் உட்காரச் சொன்னார்.

“எப்போதிருந்து இப்படி?”

“எங்க வீட்டுக்காரரு போனதுலேர்ந்து டாக்டர். அவரும் இதே வேலதான். சாக்கட வாயு. அடக்கம் பண்ண கையோட வேலைக்கு வந்தேன். அப்பதான் பட்டை புதுசு. ரெண்டு செவப்பு வந்துடுச்சி. இன்னும் ஒண்ணு வந்தா வேல போயிடும், பொண்ணு படிச்சிக்கினு இருந்தா. அதனால அவர நெனைக்கறத நிறுத்தினேன். நெனப்பு வந்தா குழாய் ஓட்டைய எண்ணுவேன். அப்புறம் எண்ண வேண்டியதில்ல. தானே நின்னுபோச்சி.” சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். “பொண்ணு கல்யாணத்தப்பகூடச் சந்தோசம் வரல. எல்லாரும் நான் தைரியசாலின்னாங்க.”

யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோல அவள் சொன்னாள். எபி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

மருத்துவர் எழுந்து வந்து அவளுடைய பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“இந்த அறையில் உங்களை எதுவும் அளக்காது. யாருக்கும் தெரியாது. அழ வேண்டும் என்றால் அழலாம், அம்மா.”

பூங்காவனம் தலையசைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள். அவனைக் குழியிலிருந்து தூக்கியபோது தொங்கிய கையை நினைத்தாள். குழாய்க்குள் எபி உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். கண்களை இறுக மூடித் திறந்தாள். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மருத்துவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

“மன்னிச்சிக்குங்க டாக்டர்,” என்றாள் பூங்காவனம். “வர மாட்டேங்குது.”

எபி தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து அழுதான்.