பெரியப்பா போகாத போர்

ஆவூரில் அமலராணியின் பெரியப்பா ஆரோக்கியமுத்துவைப் போலப் பயணத்துக்குப் பயந்தவர் இன்னொருவர் இல்லை. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். இலுப்பூர்ச் சந்தைக்குப் போக வேண்டுமென்றால், விடியும் முன்னே கிளம்பி நடந்தே போய்விடுவார். அப்படிப்பட்டவருக்குத்தான் மலேயாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவும் பட்டாளத்துக் கடிதம்!

அது 1958-ஆம் வருஷம், செப்டம்பர் மூன்றாம் தேதி. பத்து வயது அமலராணி பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா இன்னாசி, பெரியப்பாவின் ஒரே தம்பி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்தான்.

தபால்காரர் ஐயனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. உறையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை ஒரு எழுத்து விடாமல் தெருவுக்கே கேட்கும்படி படிப்பார்.

"ஃபோர் ஒன் செவன் டூ, ஆரோக்கியமுத்து!" என்று வாசலில் குரல் கொடுத்தார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னாசி விருட்டென்று எழுந்து நின்றார். சோற்றுத் தட்டு உருண்டு ஓடியது.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் அமலராணி.

"ஒண்ணுமில்ல தாயி. எறும்பு கடிச்சிருச்சு."

அமலராணி தரையைக் குனிந்து பார்த்தாள். ஓர் எறும்பும் இல்லை.

வாசலில் பெரியப்பா கடிதத்தைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு யாருய்யா மலேயாவுலேர்ந்து எழுதப் போறாங்க? வேற யாருக்காச்சும் இருக்கும்" என்றார்.

"தகப்பன் பேரு சவரிநாதன், ஆவூர்னு போட்ருக்கே. ஒங்க அப்பா பேருதானே?" என்று ஐயனார் கடிதத்தை அவர் கையில் திணித்தார்.

பெரியப்பாவுக்குப் படிக்க வராது. அமலராணிதான் வாங்கிப் படித்தாள்.

"ஐயா, சென்ற யுத்தத்தில் மலேயாத் தொண்டர் படையின் லாரிப் பிரிவில் எங்களோடு இருந்த 4172 எண் ஆரோக்கியமுத்துவை 1942 முதல் காணவில்லை. காணாமல் போன எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடி வருகிறோம். இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் பதில் இல்லையென்றால், அவர் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து நினைவுக் கல்லில் பொறித்துவிடுவோம். உயிரோடு இருந்தால், அவர் வேலை செய்த லாரிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரை எழுதச் சொல்லவும். அது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தெரியும். இப்படிக்கு நாகராசு, காரியதரிசி, பழைய படைவீரர் சங்கம், ஈப்போ."

"கல்லுலயா? செத்தவங்களோடயா?" பெரியப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே! அமலா, நான் உயிரோட இருக்கேன்னு ஒடனே எழுதிப் போடு!"

"எழுதலாம் பெரியப்பா. லாரி பேரு கேட்ருக்காங்களே?"

"நான் லாரியில ஏறுனதே இல்லையே!"

அங்கேதான் சிக்கல். பெரியப்பா நேராக உள்ளே போய், பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

மறுநாளும் அவர் எழுந்திருக்கவில்லை. அமலராணியின் அம்மா வியாகுலமேரி கஞ்சி கொண்டு போனாள். "கல்லுல பேரு ஏறுனவனுக்குக் கஞ்சி எதுக்கு?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமலராணிக்கு அழுகையாக வந்தது. தேர்த் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே அவளைத் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டுபவர் பெரியப்பாதான். அவர் இப்படிச் சுருண்டு கிடந்தால் அவளுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

வெள்ளிக்கிழமை காலை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அமலா, ஏதோ கெட்டது நடக்கப் போகுதுன்னு" என்று பெரியப்பா முனகினார். "என் ஞானஸ்நானச் சீட்டை ஆடு தின்னுச்சே, அன்னிக்கே தெரியும்."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். பங்குச் சாமியார் பிறந்த தேதியோடு எழுதிக் கொடுத்த சீட்டை, பெட்டியிலிருந்து எடுத்து ஆடு தின்றுவிட்டதாம். பெரியப்பாவைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். ஆனால் அமலராணிக்கு இன்றுதான் ஒன்று தோன்றியது. ஆடு எப்படிப் பெட்டியைத் திறந்தது?

"அது எப்பப் பெரியப்பா நடந்துச்சு?"

"ஒங்கப்பன் மலேயாவுக்குக் கப்பல் ஏறுனானே, அந்த வாரம்தான்."

அமலராணி பள்ளிக்கூடம் போனாள். ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது ஒன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை. அப்பா மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்த ஆடு, கடிக்காத எறும்பு, உருண்டு ஓடிய தட்டு என்று அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

சாயங்காலம் நேராகக் குளத்துக்கு ஓடினாள். அங்கே முழங்கால் தண்ணீரில் இன்னாசி பசு மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வேறு யாரும் இல்லை. அதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான், அமலராணி குரலைத் தடிமனாக்கிக்கொண்டு கத்தினாள்.

"ஃபோர் ஒன் செவன் டூ, ஆரோக்கியமுத்து!"

"யெஸ் சார்!"

தண்ணீருக்குள் இரண்டு குதிகாலும் ஒட்டிக்கொள்ள, நெஞ்சை நிமிர்த்தி நின்றார் இன்னாசி. மாடு மிரண்டு இரண்டடி தள்ளிப் போனது. பிறகு அவர் மெல்லத் திரும்பினார். கரையில் நிற்பது மகள் என்று தெரிந்ததும் அப்படியே கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, பெரியப்பா சீட்டை நீங்கதானே எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

இன்னாசி வெகுநேரம் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அப்ப பதினஞ்சு வயசு தாயி. தோட்டத்துல பதினெட்டு ஆனாத்தான் முழுச் சம்பள ஆளா எடுப்பாங்கன்னு சொன்னாங்க. அண்ணன் சீட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். அங்க எல்லாருக்கும் நான் ஆரோக்கியமுத்துதான். யுத்தம் வந்ததும் அதே பேருல லாரிப் பிரிவுல சேத்துட்டாங்க. படை கலைஞ்சு போனப்ப, தோட்டத்துக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டேன். அவங்களுக்கு நான் காணாமப் போனவனாயிட்டேன்."

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"பொய்ச் சீட்டுக் காட்டுனவனை ஜெயில்ல போட்ருவாங்கன்னு பயம். அதைவிட, அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு பயம்."

"குண்டு விழுந்தப்பல்லாம் லாரியில போனீங்க. பெரியப்பாவுக்கா பயப்படுறீங்க?"

இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

அமலராணி கடிதத்தைப் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்தாள். அதை அவள் அதற்குள் பத்து முறை படித்திருந்தாள். "இதுல சீட்டைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லப்பா. உயிரோட இருக்காரான்னுதான் கேட்ருக்காங்க. இவங்க ஒங்களைப் பிடிக்கத் தேடல. காணோமேன்னு தேடுறாங்க."

இன்னாசி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியப்பா மூணு நாளாச் சரியாச் சாப்பிடலப்பா."

அதைக் கேட்டதும் இன்னாசி எழுந்துவிட்டார். மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அமலராணி பின்னாலேயே ஓடினாள்.

"அப்பா, அந்த லாரி பேரு என்னன்னு சொல்லலையே?"

"முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் தாயி. அதனால மூக்காயின்னு வச்சோம்."

அமலராணி தங்கள் பசுவைப் பார்த்தாள். அதன் பெயரும் மூக்காயிதான். மாட்டுக்கு எதற்கு இந்தப் பெயர் என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்னாசி அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பா கூரையைப் பார்த்தபடி அசையாமல் கேட்டார். அப்பாவைச் சொல்ல வைத்தது தப்போ என்றுகூட அமலராணி நினைத்தாள்.

பெரியப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப, ஆடு திங்கலையா?"

"இல்லண்ணே."

"அடப் பாவி! அந்தக் கெடாவை நான் எத்தன அடி அடிச்சேன்! அது என்னைப் பாத்து முழிச்ச முழி இன்னும் கண்ணுக்குள்ள இருக்கே!"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அவரையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது.

"ஏன்டா, மீசை மொளைக்காத வயசுல போயி, என் பேரை வச்சுக்கிட்டு யுத்தத்துல நின்னியாடா? ஒனக்கு ஒண்ணு ஆகியிருந்தா, அந்தச் சேதிகூட ஒன் பேருல வந்திருக்காதேடா!" தம்பியின் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "வியாகுலமேரி, அந்தக் கஞ்சி இருக்காத்தா?" என்றார்.

அவர் கஞ்சி குடிப்பதற்குள் அமலராணி பதிலை எழுதி முடித்துவிட்டாள்.

"ஐயா, ஆரோக்கியமுத்து என்ற பேரில் உங்களோடு இருந்தவர் அவர் தம்பி இன்னாசி. என் அப்பா. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரும் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். லாரியின் பெயர் மூக்காயி. தயவு செய்து கல்லில் யார் பெயரையும் எழுத வேண்டாம்."

மறுநாள் ஐயனார் ஒரு வெடியைப் போட்டார். "இங்க போட்டா ஊர் சுத்திக்கிட்டுப் போகும். இன்னிக்கே திருச்சிராப்பள்ளி பெரிய தபாலாபீசுல போட்டாத்தான் ஏர்மெயிலு நேரத்துக்குப் போய்ச் சேரும்."

"நான் போறேன்" என்றார் பெரியப்பா. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பாக்குறீங்க? காப்பாத்த வேண்டியது என் பேருதானே!"

தம்பியோடு பஸ் ஏறினார். போகும்போது மூன்று முறையும் வரும்போது இரண்டு முறையும் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். ஆனாலும் கடிதத்தைத் தன் கையாலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

நவம்பரில் காரியதரிசி நாகராசுவிடமிருந்து பதில் வந்தது. உள்ளே ஒரு பழைய புகைப்படம் இருந்தது. நீண்ட மூக்கு லாரியின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில், தொப்பி காது வரை இறங்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் இன்னாசி.

அமலராணி கடிதத்தைப் படித்தாள்.

"அன்புள்ள அமலராணி, கல்லில் உன் பெரியப்பா பெயர் இல்லை. மூக்காயி என்ற பெயரைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். பயப்பட வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல். இங்கே அண்ணன் பேரில் வந்தவர் அவர் மட்டும் இல்லை. உண்மையான நாகராசு குளத்தூரில் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் தம்பி கருப்பன்."

பெரியப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு ஈப்போவிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. ஐயனாரும் வழக்கம்போல உறையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். "ஃபோர் ஒன் செவன் டூ!" என்று அவர் வாய் திறந்ததுமே அந்த வாசலில் இரண்டு பேர் விறைப்பாக எழுந்து நிற்பார்கள்.

"யெஸ் சார்!"

இரண்டில் உரத்த குரல் பெரியப்பாவுடையது.