பஸீனாவின் பாய்

பள்ளிவாசல்துறையில் அந்த வீட்டுக்கு நான் மத்தியான வெயிலில் போனேன். கோபத்தோடுதான் போனேன். ஐந்து மாதக் குழந்தை அமானிக்குச் சொறி மாறுவதும் திரும்ப வருவதுமாக இருந்தது. இந்த முறை புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. இப்படியே விட்டால் சிறுநீரகம் பழுதாகும், பிள்ளை தப்பாது என்று, அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த மாமி, தகப்பனின் தங்கை ஸக்கியாவிடம் சொல்லியிருந்தேன்.

"வீட்டில ஆரோ மருந்து பூசேல்ல. ஆர் அது?"

"எல்லாரும் பூசினம், டொக்டர். பிள்ளைட உம்மாவ மட்டும் உங்களுக்குக் காட்டல்ல. நானா கடல்ல மௌத்தானதால அவ இத்தாவுல ஈக்கிறா. வெளிய வரமாட்டா."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கும் பெண்ணை அந்நிய ஆண்கள்தான் பார்க்கக்கூடாது. நான் பெண். கேட்டிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேனே என்று வழி நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. ஊறிய வலையின் வாடை அடித்தது. வெள்ளை உடுத்திய அமானியின் உம்மா பஸீனா பாயில் இருந்து கையை நீட்டினாள்.

டெர்மோஸ்கோப்பை அவளுடைய விரலிடுக்கில் வைத்தேன். தோலைப் பெருப்பித்துக் காட்டும் விளக்குக் கண்ணாடி அது. வளைந்து போகும் ஒரு கோடு தெரிந்தது. அதன் முனையில் சின்னக் கறுப்பு முக்கோணம். சொறிப் பூச்சியின் தலை. உயிரோடு இருந்தது.

"மூணு தரமும் நான்தான் இவக்குப் பூசிவிட்டேன்" என்றாள் ஸக்கியா. "பாயையும் வெயில்ல போட்டேன்." ஸக்கியாவின் கைகளையும் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

"இந்தப் பாயில உங்களோட ஆர் படுக்கிறது?"

"அமானி."

"வேற?"

பஸீனா நிலத்தைப் பார்த்தாள்.

"அவர்."

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். எனக்கோ பொறுமை போய்விட்டது. "அப்ப அவருக்கும் பூசுங்கோ" என்றேன்.

"பூசினேன் டொக்டர்" என்று கிசுகிசுத்தாள். "நிக்குதில்ல. வழிஞ்சி போகுது. அவர்ட மேல் எப்பவும் ஈரம்தானே."

அமானியைத் தூக்கிக்கொண்டு போய் வார்டில் சேர்த்தேன். தனிக் கட்டில், புது விரிப்பு. மருந்தை என் கையாலேயே பூசினேன். நான்கு நாளில் காய்ச்சல் விட்டது, தோலும் தெளிந்தது. வென்றுவிட்டேன் என்றே நம்பினேன்.

அடுத்த கிழமை வீட்டுக்குப் போய்வந்த ஸக்கியா கட்டிலருகே தயங்கி நின்றாள்.

"பஸீனாக்குச் சொகம். ஆனா ஒரே அழுவுறா."

"ஏன்?"

"அவர் இப்ப ஊட்டுக்கு வாறதில்லயாம்."

குழந்தையின் உள்ளங்கையில் கண்ணாடியை வைத்தேன்.

புதுக் கோடு. முனையில் முக்கோணம்.

விரிப்பின் சுவரோரப் பாதி நனைந்திருந்தது. தொட்டேன். கடல் மணல் ஒட்டியது. பயத்தைவிட ஆத்திரம்தான் எனக்கு முதலில் வந்தது.

அமானி அந்தப் பக்கம் கையை நீட்டியிருந்தாள். எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மூடியிருந்தன.

"பிள்ளை செத்துப்போகும்" என்றேன், வெறும் சுவரைப் பார்த்து. "விட்டிடுங்கோ."

விரல்கள் மெல்ல விரிந்தன.

பிறகு மறுபடியும் இறுக மூடிக்கொண்டன.