‘அல்லது’ என்றொரு சொல்

மலையகத்து றொசல்லை நிலையத்தில் ரயில் நின்றே போய்விட்டது. முன்னால் பாதையில் மண் சரிந்திருக்கிறதாம்... நிலக்ஷி மழை தெரியாதபடி ஜன்னலை இழுத்து மூடினாள். மடிக்கணினியைத் திறந்து, தான் எழுதிய அந்த ஒரே வரியை மறுபடி வெறித்தாள்.

“என்னா, எட்டி எட்டிப் பாக்குறீங்க?” என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் எரிந்து விழுந்தாள்.

“தமிழ்ல புரோகிராம் எழுதுறீங்களே... அதான்.”

“ஏன், பொம்பளப் புள்ள எழுதக் கூடாதோ?”

“ஐயோ சாமி! நான் அப்படிச் சொல்லலங்க.”

நனைந்த தலையும் கூச்சப்படும் கண்களும்... பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மறுபடி பார்த்தாள். அவள் உதடு தன்னாலே விரிந்தது.

“இந்தக் கணினி மொழிய உண்டாக்குனதே நான்தாங்க. பேரு நிரஞ்சன், ஊரு கந்தப்பளை.”

சிரிப்பு செத்துப்போனது.

“அப்ப அந்த ‘அல்லது’... நீங்க வச்சதா?”

“ஆமாங்க. கூட்டாளிங்க எல்லாம் குறியீடு போதும்னாங்க. நான்தான் ஒத்தக் கால்ல நின்னு சொல்லு வச்சேன். டீ அல்லது கோப்பின்னா ஒண்ணத்தானே குடிப்போம்? அது மாதிரி ரெண்டு சேதியில ஒண்ணு மட்டும் வந்தா விடை ஒண்ணு, அதாவது ‘ஆமா’. ரெண்டும் வந்தா பூச்சியம், ‘இல்ல’.”

“எங்க தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு மேல, மலையில, மழைய அளக்க ஒரு பெட்டி, மண் அசையுறதப் பாக்க ஒரு பெட்டி. மழை அல்லது மண்ணுன்னு எழுதுனேன். ஒண்ணாவது ஆபத்துன்னா சைரன் அடிக்கணும். தனித்தனியா சோதிச்சேன், அடிச்சிச்சு. மலை சரிஞ்ச அன்னைக்கு ரெண்டும் சேந்து வந்திச்சு... அடிக்கல. அப்பா மண்ணுக்குள்ள போயிட்டாரு.”

அவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

“லயத்துல யாருங்க ‘அல்லது’ன்னு பேசுறாங்க? பேச்சுல வராத சொல்லுக்கு அவங்கவங்க நெனச்சதுதானே அர்த்தம்?”

“விளக்கத்துல தெளிவாத்தானே எழுதியிருக்கேன்...” என்று வீம்பாகத் தொடங்கினான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

சில வாரம் கழித்து, விசாரித்துக்கொண்டு அவளுடைய தேயிலைத் தோட்டத்துக்கே தேடி வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“‘அல்லது’வத் தூக்கிட்டேங்க. நீங்க சொன்ன ‘ஒண்ணாவது’வ வச்சிட்டேன். ஒண்ணு வந்தாலும் அடிக்கும், ரெண்டு வந்தாலும் அடிக்கும். டீ, கோப்பி மாதிரி எடத்துக்கு ‘ஒண்ணு மட்டும்’.”

அவள் தன் வரியில் அந்தச் சொல்லை மாற்றி எழுதிவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு முன்னால் நடந்தாள். மிஞ்சியிருந்த லயத்துக்கு மேலே ஏறினார்கள். அவள் மழைப் பெட்டியில் தண்ணீரை ஊற்ற, அவன் மண் பெட்டிக்காக நட்ட கம்பியை ஆட்டினான். சைரன் மலையெல்லாம் அலறியது. இந்தச் சத்தம் அன்றைக்குக் கேட்டிருந்தால்... நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“என்ன மன்னிக்க வேணாங்க. ஆனா உங்க நெனப்பு என்ன விடல... உங்களப் புடிச்சிருக்கு” என்றான்.

“எனக்கு ரயில்லயே புடிச்சிருச்சுங்க, நீங்க யாருன்னு சொல்றதுக்கு முந்தியே. அப்ப அப்பா போயி ஒரு மாசங்கூட ஆகல, நான் சிரிச்சேன். ரெண்டையும் சேத்து ஒரு தடவ சோதிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு. உங்கள எப்பவோ மன்னிச்சிட்டேன்... என்னயத்தான் முடியல.”

அவன் கையை நீட்டினான். அழுகை நிற்காமலே அவள் அதைப் பற்றிக்கொண்டாள்.