மேலே ஒரு வரி

சம்பள ஃபைலைத் திறக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரில் அடித்தான் நல்லகாமன். அனுமதி இல்லை என்றது திரை.

அவனுக்கே அனுமதி இல்லையாம்! பஞ்சாலையின் தல்லாகுளம் அலுவலகத்தில் எந்த ஃபைலை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைப்பவனே அவன்தான். தப்பாக அடித்திருப்போம் என்று நிதானமாக மறுபடி அடித்தான். அனுமதி இல்லை. எங்கிருந்தோ பாசி பிடித்த தண்ணீர் வாடை வந்தது. ஏசி ஒழுகுகிறது போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டான்.

வெளியே எதிர்சேவைக் கூட்டம். அழகரை வரவேற்கத் திரண்ட சனம் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும், கொட்டுச் சத்தமும், கோவிந்தா முழக்கமுமாகத் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில்லாத அந்தக் குளிர் அறைக்குள் அதெல்லாம் சுவருக்குள்ளேயே யாரோ முனகுவதைப்போலத்தான் கேட்டது. விடுமுறை நாள். அரைமணி நேர வேலையை முடித்துவிட்டால் மனைவி பாண்டியம்மாள் மகளோடு இங்கேயே வந்துவிடுவாள். அப்பா தோளில் உட்கார்ந்துதான் சாமி பார்ப்பேன் என்று நாலு வயது அழகு ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் உயிரே அந்தக் குழந்தைதான்.

"சார், ஒரு எட்டு சாமியப் பாத்துட்டு வாரேன். கேட்டைச் சும்மாதான் சாத்திருக்கேன்." வாட்ச்மேன் பேயாண்டி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

நல்லகாமன் அந்த ஃபைலின் அனுமதிப் பட்டியலை வரவழைத்தான். அவன் பெயர் இருந்தது, எல்லா உரிமைகளோடும் அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு மேலே புதிதாக ஒரு வரி. நல்லகாமன், மறுப்பு.

கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். தேடுகிற பெயர் முதலில் எந்த வரியில் வருகிறதோ அதோடு நின்றுவிடும். கீழே ஆயிரம் உரிமை எழுதியிருந்தாலும் வாய்க்கரிசிக்குக்கூட ஆகாது. இந்தக் குசும்பு தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவன் நல்லகாமன். இன்னொருவன் மாசி மாதம் தன் ஊர்க் கிணற்றில் பிணமாக மிதந்தான்.

சோணைமுத்து. அனுமதியைச் சரிபார்க்கும் அந்தப் புரோகிராமை எழுதியவனே அவன்தான். கூலிவேலை பார்த்த குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவன். அவனைச் சீனியராகப் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நல்லகாமனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தப் புரோகிராமை மேனேஜர் முன்னால் திறந்து காட்ட வேண்டிய அன்றைக்கு, சோணைமுத்துவின் பெயருக்கு மேலே ஒரு மறுப்பு வரியைச் சொருகிவைத்தான். கீழ்வரியை மட்டும் மேனேஜருக்குக் காட்டினான். பெயர் இருக்கிறது, உரிமை இருக்கிறது, தான் எழுதியதையே திறக்கத் தெரியவில்லை, அப்படியென்றால் இவன் எழுதியதே இல்லை என்று முடிவானது.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. நா எழுதுனதுண்ணே." நடுக்கூடத்தில் நின்று அழுதான் சோணைமுத்து.

"எனக்கென்னடா தெரியும்?" என்றான் நல்லகாமன். திருடன் என்ற பெயரோடு வேலையை விட்டு அனுப்பினார்கள். அவனுக்கு வரவேண்டிய நாற்காலியில் இவன் உட்கார்ந்தான். உட்கார்ந்து, இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தான். இவனுக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டியதில்லை.

இப்போது தன் பெயருக்கு மேலே இருந்த மறுப்பு வரியை நல்லகாமன் அழித்தான். போய்விட்டது. மூச்சு விட்டான். அடுத்த மேசையில் யாரும் இல்லாத கம்ப்யூட்டரில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக. இவன் திரையில் வரி மறுபடி வந்தது. அதன் கீழே இன்னொன்று.

கதவு. நல்லகாமன், மறுப்பு.

கதவு என்று ஒரு ஃபைலே கிடையாது. எழுந்து ஓடினான். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் மோதினான். பூட்டில்லாத கதவு சுவராக நின்றது.

மறுபடி தட்டும் சத்தம். போன். மறுப்பு. எடுத்துக் காதில் வைத்தான். இரைச்சல்கூட இல்லை, உள்ளே தண்ணீர் தளும்பியது.

குரல். மறுப்பு.

பேயாண்டியைக் கூப்பிட வாயைத் திறந்தான். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

பாசி வாடை மூக்கை அடைத்தது. தரையில் ஈரக் காலடிகள். அடுத்த மேசையிலிருந்து இவன் நாற்காலி வரைக்கும். நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கதவுக் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு தாழ்வாரத்தையே பார்த்தான்.

பாண்டியம்மாள் வந்தாள். தலையில் மல்லிகை, இடுப்பில் மகள் அழகு. கூட்டத்துத் தண்ணீரில் இருவரும் நனைந்திருந்தார்கள்.

பின்னால் தட்டும் சத்தம்.

அவள் கதவைத் தள்ளினாள். அவளுக்குச் சுலபமாகத் திறந்தது. நல்லகாமன் பாய்ந்தான். நிலைப்படியில் நெஞ்சு இடித்து நின்றது. திறந்த வாசல். வெறும் காற்று. தாண்ட முடியவில்லை. மனைவியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். அவள் கண் அவனுக்குப் பின்னால் போனது.

"என்னங்க, இம்புட்டு நேரமா? பிள்ள அப்பயிருந்தே ஒத்தக்கால்ல நிக்கிறா. வாங்க போவம்."

ஒரு ஈரத் தோள் நல்லகாமனை உரசித் தாண்டியது. அவன் சட்டை. அவன் செருப்பு. திரும்பிய முகமும் அவன் முகம்தான், கொஞ்சம் ஊதியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இன்றைக்குத் தல்லாகுளத்தில் நனையாதவன் யார்? பாண்டியம்மாள் முந்தானையால் அந்த நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

அழகு மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் நல்லகாமனைப் பார்த்தாள். அவனைத்தான். உதடு பிதுங்கியது. இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள்.

"அப்பா..."

பாண்டியம்மாளுக்கு எழுதியாயிற்று, அழகுக்கு இன்னும் வரி எழுதப்படவில்லை. நல்லகாமன் கையை நீட்டினான். நீட்டியபடியே, வேண்டாம் வேண்டாம் என்று சத்தமில்லாத வாயால் கெஞ்சினான்.

யாருமில்லாத மேசையில் விசைகள் தட்டின. அ. ழ. கு.

குழந்தையின் கைகள் பாதியில் நின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அப்புறம் சிரித்தபடி தாவி அந்த ஈரத் தோளில் ஏறி உட்கார்ந்து, சொட்டுகிற தலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மூவரும் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார்கள்.