சுமைதாங்கிக் கல்லின் மஞ்சள்

பங்குனி மாத உச்சி வெயிலில், வாடிப்பட்டியைத் தாண்டிய பொட்டல் சாலையில், ரைஸ்மில் ஹாலாஸ்ய ஐயரின் கார் புஸ்ஸென்று ஆவி கக்கிக்கொண்டு நின்றது. யுத்தம் வருவதற்கு முந்தைய ஆண்டு அது. நின்ற இடத்தில் ஒரு வேலமரமும் ஒரு சுமைதாங்கிக் கல்லும் தவிர வேறொன்றும் இல்லை. காக்கைகூட இல்லை.

பின் இருக்கையில் ஐயரின் மகள் விஜயம் சுருண்டு கிடந்தாள். தலைப்பிரசவம். முந்தின நாள் எடுத்த வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐயர் கோர்ட்டு வேலையாக வெளியூர் போயிருந்தார். மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தாயார் நாகலக்ஷ்மி மட்டும் கூட வந்தாள்.

ஓட்டிவந்தவன் தனிஸ்லாஸ். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். கார் கொட்டகைதான் அவன் வீடு, கார்தான் பேச்சுத்துணை. "அதுக்கு ஒரு வாய் மட்டும் இருந்துச்சுன்னா இவனுக்குப் பொண்டாட்டியே வேணாம்" என்று மில்லில் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். கொட்டகையில் தனியே உட்கார்ந்து சோறு தின்னும்போது அந்தச் சிரிப்பு வராது.

"என்னடாப்பா ஆச்சு? நாழியாறதே!" என்று பின்னாலிருந்து நாகலக்ஷ்மி பதறினாள்.

"தண்ணி கசியுதும்மா. எங்கனக்குள்ளன்னு பாத்துட்டா போயிரலாம்."

ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சூடு தணியும்வரை நின்றான். ரப்பர் குழாய்களைத் தடவினான், காய்ந்திருந்தன. பம்பிலும் ஈரம் இல்லை. ரேடியேட்டரைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, தகர டப்பாவில் இருந்த தண்ணீரை மெல்ல ஊற்றிப் பார்த்தான். கீழ் மூலையில் ஒரு துளி திரண்டது. கல் தெறித்து விழுந்த ஓட்டை. சவுக்காரத்தைப் பிசைந்து அப்பினான். என்ஜின் சூடேறியதும் அது பிதுங்கி விழுந்துவிட்டது.

டிரைவர்களிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினால், அதுவே ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

"அம்மா, மஞ்சப்பொடி ஏதும் இருக்கா?"

"ஆத்துல டப்பா டப்பாவா இருக்கு. இங்கே ஏது?"

"அம்மா... தாகம்..." என்று முனகினாள் விஜயம்.

"கூடாதுடி கண்ணு. வலியிலே தண்ணி குடிச்சா குழந்தை மேலே ஏறிக்கும்னு மருத்துவச்சி சொல்லியிருக்கா."

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெண், நிலைமையைப் பார்த்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்கு ஓடினாள். தனிஸ்லாஸின் கண் சுமைதாங்கியில் விழுந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்கிற சாதாரணக் கல்தான். ஆனால் அதன்மேல் மஞ்சள் கெட்டியாகப் பூசியிருந்தது.

ஆபத்துக்குப் பாவமில்லை. திருப்புளியை எடுத்துச் சுரண்டினான்.

தண்ணீரோடு திரும்பிய பெண் அவன் உள்ளங்கையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, அதை எதுக்குத் தொட்டீக? அது எங்க நாத்தனா மாயக்காளோட கல்லு."

"சொமை எறக்குற கல்லுதானே தாயி?"

"வகுத்துப் புள்ளையோட செத்தவளுக்குத்தாண்ணே இதை நடுவாக. அவ சொமை எறங்காமலே போயிட்டாள்ல. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போனா. புள்ளை மேல ஏறிக்கிரும்னு ஒருத்தரும் குடுக்கலை." சுரண்டிய இடத்தை அவள் கையால் தடவினாள். "இந்தப் பொட்டல்ல தனியா நிக்கிறாளேன்னு வெள்ளிக்கிழமை நான்தாண்ணே மஞ்சப் பூசுவேன்."

காருக்குள்ளிருந்து விஜயத்தின் அலறல் வந்தது. தனிஸ்லாஸ் வேறு எதையும் யோசிக்கவில்லை. மஞ்சளைக் கரைத்து ஊற்றினான். சற்று நேரத்தில் சொட்டு நின்றது. கார் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு சத்தம் கேட்டது.

மடக், மடக்.

யாரோ தாகத்தோடு தண்ணீர் குடிக்கிற சத்தம்.

பரவை ஊருக்குள் நிறுத்தி, சூடு தணிந்ததும் மூடியைத் திறந்தான். பாதித் தண்ணீர் இல்லை. அடியில் கைவிட்டுப் பார்த்தான், ஓட்டை அடைபட்டே இருந்தது. குழாய், பம்பு எல்லாம் காய்ந்திருந்தன. ஆவியும் போகவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே போயிற்று?

"ஏண்டி, உதடெல்லாம் ஈரமா இருக்கு?" என்று பின்னால் நாகலக்ஷ்மி கிசுகிசுத்தாள்.

"இப்பத்தானேம்மா குடிச்சேன்." விஜயத்தின் குரல் தெளிந்திருந்தது.

"யாருடி குடுத்தா?"

விஜயம் தாயின் மடியில் இருந்த தலையைத் திருப்பி, இருக்கையின் காலியான மூலையைப் பார்த்தாள்.

தனிஸ்லாஸ் நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி நிரப்பினான். குடிக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். ஆனால் காய்ச்சலில் கிடந்தவளுக்குப் பால் சுரக்கவில்லை. பசும்பால், ஆட்டுப்பால் எதைக் கொடுத்தாலும் குழந்தை துப்பியது. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிற்று. "பெத்தும் பறிகொடுக்கணுமா?" என்று நாகலக்ஷ்மி சுவரில் முட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, குழந்தையை முதலில் காரில் கிடத்திவிட்டு, விஜயத்தைக் கைத்தாங்கலாக ஏற்றத் திரும்பினாள் நாகலக்ஷ்மி.

அழுகை நின்றது.

உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தான். குழந்தை தனியாகத்தான் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் குழிய எதையோ சப்பிக்கொண்டிருந்தது. கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. நாகலக்ஷ்மி அதை முந்தானையால் துடைத்தாள். அவனைப் பார்த்து ஒன்றும் சொல்லாதே என்பதுபோல் தலையை அசைத்தாள்.

அதன்பிறகு குழந்தை அழும்போதெல்லாம் அவள் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். பின் இருக்கையில் கிடத்திவிட்டு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசி, வந்தவள் போய்விட்டால் பிள்ளையல்லவா பட்டினி கிடக்கும்? பிள்ளை கொழுகொழுவென்று தேறியது.

தனிஸ்லாஸ் அதே கொட்டகையில்தான் படுத்தான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அங்கே அவனுக்குத் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை. அதை நினைத்துத்தான் விடியும்வரை லாந்தரை அணைக்காமல் வைத்திருந்தான்.

ஆவணியில் மாப்பிள்ளை பஞ்சாபகேசன் தஞ்சாவூரிலிருந்து வந்து மனைவியையும் மகனையும் அழைத்துப் போனார். குழந்தை அதற்குள் பசும்பாலுக்குப் பழகியிருந்தது. தனிஸ்லாஸ்தான் மூவரையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான். ரயில் மறைந்த பிறகு, காலிக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தினான்.

விளக்கேற்றுகிற நேரத்தில் அது கேட்டது.

சொட். சொட்.

ரேடியேட்டரைத் தொட்டான். காய்ந்திருந்தது.

குழாய்களும் காய்ந்திருந்தன.

லாந்தரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். முன்பக்கம் எங்கும் ஈரம் இல்லை. பின் இருக்கைக்கு நேர் கீழே, பலகை இடுக்கிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. விரலில் ஏந்திப் பார்த்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளையாக இருந்தது.

எழுந்து பின் கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. மெத்தையின் ஒரு மூலை மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியிருந்தது.

எத்தனையோ கசிவுகளை அடைத்த கை அவனுடையது. இதை எங்கே, எதைக் கொண்டு அடைப்பது? பயத்தைவிடத் துக்கம்தான் அவனுக்கு அதிகமாக இருந்தது.

"புள்ளை ரயிலேறிப் போயிருச்சு தாயி," என்றான். "இனிமே வராது."

சொட்டு நின்றது.

பிறகு, முன்னைவிட வேகமாக விழத் தொடங்கியது.