நெல்லி இணுக்கு கட்டிய கிண்ணம்

“வண்டிய நிறுத்துங்க... அந்த நெல்லிக்காய் மூட்டை எனக்கு வேணும்.”

ஜமுனாமரத்தூர் மழையில் ஜீப்பை மறித்து நின்றவள் ரேணுகாதேவி. மலை விடுதியில் விருந்துகளுக்கு வோட்கா பானங்கள் கலக்குபவள். மதியம் நாற்பது விருந்தாளிகள்... எலுமிச்சை ஏற்றிய வண்டியோ ஒடுகத்தூரிலேயே நின்றுவிட்டது.

ஜீப்பை ஓட்டி வந்தவன் சின்னராஜ். நெல்லித்தோப்பு அவனுடையது. மை கரைந்து கன்னம்வரை வழிந்திருந்த அந்தக் கண்களைப் பார்த்தான்... அப்போதும் அவை கெஞ்சவில்லை.

“எதுக்குங்க? ஊறுகாய்க்கா?”

“வோட்காவுல கலக்க.”

அவன் முகம் இறுகியது. “எங்கப்பன சாராயம்தான் கொண்டுபோச்சு. தர்றதுக்கில்ல.”

“ஊறுகாய்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்க இல்ல? எனக்குப் பொய் சொல்ல வராதுங்க.”

திமிரைப் பார்... என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே மூட்டையையும் விடுதியில் கொண்டுபோய் இறக்கினான், பாவம்.

நெல்லிச்சாறு, மலைத்தேன், இஞ்சி, கல்லுப்பு... இரண்டு பெரிய கிண்ணங்கள் நிறையக் கலந்தாள். ஒன்றில் மட்டும் வோட்கா. மற்றதன் கைப்பிடியில் அடையாளத்துக்கு நெல்லி இணுக்கைக் கட்டி, அதிலிருந்து அவனுக்கு ஒரு தம்ளர் நீட்டினாள்.

“நீங்க குடிப்பீங்களா?” என்று கேட்டான்.

“கலக்கறதோட சரி. தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க?”

“ஒண்ணுமில்ல... அடுத்த சனிக்கிழமையும் காய் கொண்டாறேன்.”

கொண்டுவந்தான். அடுத்தடுத்த சனிக்கிழமையும்தான். ஜீப் சத்தம் கேட்டாலே அவள் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. நாலாவது வாரம் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“வூட்ல உன்னப் பத்தி பேசிட்டேன். அம்மாவுக்கு சந்தோசம். இங்க சமையல் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்...”

“அப்ப அந்த சமையக்காரியவே கட்டிக்கோங்க. மூட்டைய எடுத்துட்டுப் போங்க.”

அவன் போனபிறகு அழுதாள். ஏற்கெனவே மூன்று வரன்கள் இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் திரும்பிப் போயின. போகட்டும்... யார் வீட்டுக்கும் பொய்யோடு போக மாட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறு சனிக்கிழமை விருந்து நடுவே அவன் வந்தான், அம்மா மாதம்மாளோடு. ரேணுகாவின் கையில் வோட்கா பாட்டில். ஒளிக்கவில்லை... அவர்கள் பார்க்கவே ஊற்றினாள்.

“அம்மா, சமையல்னு நான் சொன்னது பொய். இந்தப் பொண்ணு வோட்கா கலக்குது. எனக்கு இந்தப் பொண்ணைத்தான் புடிச்சிருக்கு.”

மாதம்மாள் மகனைத்தான் முறைத்தாள்.

“குடிச்சது உங்கப்பன். அதுக்கு இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? பொய் சொன்ன நீதான்டா தலைகுனியணும்.” பிறகு ரேணுகாவிடம் திரும்பினாள். “சரக்கு இல்லாதது எது தாயீ?”

இணுக்கு கட்டிய கிண்ணத்திலிருந்து ரேணுகா ஊற்றிக்கொடுத்தாள். மாதம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள்.

“உப்பு பத்தல.”

ரேணுகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உப்பை அள்ளியபடி சின்னராஜைப் பார்த்தாள்.

“காய் எங்க?”

“நீதான் வேணாம்னுட்டியே...”

“பொய்யத்தான் வேணாம்னேன்... உங்கள வேணாம்னு எப்ப சொன்னேன்?”