மிளகு போட்ட சாக்லேட்

தீபிகாவின் அம்மா இறந்த பிறகு, பிள்ளையார்பாளையத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவள் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்தார்கள். என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான்.

தீபிகா ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஜன்னல் ஓரமாக வைத்துவிடுவாள். எறும்புகளுக்குத்தான் கொண்டாட்டம்.

அவள் அழவும் இல்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சுகாசினி ஏதாவது கேட்டால், "ம்" என்பாள். அவ்வளவுதான்.

"அவகிட்ட அவங்க அம்மா பேச்சை எடுக்காதடி" என்று சுகாசினியின் அம்மா சொல்லியிருந்தார். தெருவில் எல்லோருமே அப்படித்தான் கவனமாக இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. தீபிகாவின் அப்பா தனசேகரன் வாசலில் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தீபிகாவ வாலாஜாபாத்துல அவ பெரியம்மா வூட்ல விட்டுடலாம்னு இருக்கேன்மா" என்றார் அங்கே வந்த சுகாசினியிடம். "அவகிட்ட சொன்னதுக்கும் 'ம்'னுதான் சொன்னா. இங்க வாயே தொறக்க மாட்டேங்குறா. எனக்கு என்னா செய்யறதுன்னே தெரியல."

சுகாசினி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, பெரிய காஞ்சிபுரத்துல ஒரு சாக்லேட் கடை வந்துக்குதில்ல? கொக்கோ கொட்டைய அவங்களே வறுத்து, அரைச்சு செய்யறாங்களாம். அத்தை தீபிகாவ அங்க கூட்டினு போறேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நாம போலாமா?"

"வேணாம்மா. அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துடும்."

"இப்ப மட்டும் மறந்தா இருக்கா மாமா?"

தனசேகரன் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு, "போய் அவளக் கூப்பிடு" என்றார்.

கடைக்குள் காப்பிக்கொட்டை வறுப்பது போன்ற வாசனை. கண்ணாடிக்குப் பின்னால் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் இட்லி மாவுக்குப் பதிலாகப் பழுப்பு நிறக் குழம்பு.

"வாங்க, வாங்க! அம்மா வரலியா?" என்று சிரித்தபடி கேட்டார் கடைக்கார அக்கா ஜெயப்ரியா.

தனசேகரன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். தீபிகா தரையைப் பார்த்தாள். சுகாசினிக்குத் தன் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் பேசினாள்.

"அவங்க அம்மா செத்துட்டாங்கக்கா. இந்தக் கடைக்கு வரணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க."

"சுகாசினி!" என்றார் தனசேகரன்.

ஜெயப்ரியாவின் சிரிப்பு மறைந்தது. ஒரு கறுப்பு சாக்லேட்டை உடைத்து, தட்டில் வைத்துத் தீபிகாவிடம் நீட்டினார்.

"நம்ம ஊர் கோயில் இட்லியாட்டம் மிளகும் சுக்கும் போட்டது. காரமா இருக்கும், பரவால்லியா?"

தீபிகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்து வாயில் போட்டாள். முதலில் கசந்தது. அப்புறம் உறைத்தது. அவள் முகம் கோணியது.

"எங்க அம்மாவா இருந்தா" என்றாள் மெதுவாக, "இதுக்கு சட்னி கேட்டிருக்கும்."

தனசேகரன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. முகத்தை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தீபிகா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, "அம்மா... அம்மா..." என்று சத்தமாக அழுதாள்.

ஜெயப்ரியா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

"கொஞ்ச நேரம் அழட்டும்க்கா" என்றாள் சுகாசினி. அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத் தீபிகா முகத்தைத் துடைத்தாள்.

"நான் பெரியம்மா வூட்டுக்குப் போவலப்பா."

"போவ வேணாம்மா" என்றார் தனசேகரன்.

திரும்பும்போது மழை வலுத்திருந்தது. ஆட்டோவில் தீபிகா அம்மாவைப் பற்றியே பேசினாள். அம்மா காப்பியில் உப்பைப் போட்டது, பாட்டு வரிகளைத் தப்புத்தப்பாகப் பாடுவது... நடுவில் அழுகை வந்தது. அழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். சுகாசினி அவள் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளையார்பாளையம் திருப்பம் வந்தது. தனசேகரன் திரும்பாமல் நேராக ஓட்டினார். தீபிகா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.